டோக்கியோவில் முதல் கென்கோ ஷிந்தான்: எதற்குத் தயாராக வேண்டும், எதற்குத் தேவையில்லை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன, வயது 41, சைவ உணவு, தந்தைக்குச் சர்க்கரை நோய். அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்திருக்கிறது. அதில் அடுத்த மாதம் நடக்கும் 'கென்கோ ஷிந்தான்' என்ற உடல் பரிசோதனைக்கான தேதியும், ஒரு வினாத்தாளும், மலம் எடுத்துத் தருவதற்கான இரண்டு சிறு குழாய்களும், இரைப்பை எக்ஸ்ரேக்காகப் பேரியம் என்ற வெள்ளைத் திரவத்தைக் குடிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கின்றன. இரண்டு வாரம் சோற்றைக் குறைத்தால் ரிப்போர்ட் நன்றாக வருமா, பேரியத்தைத் தவிர்க்கலாமா, இதையெல்லாம் விட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டால் போதாதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் நான்காவது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: அறிக்கையில் ஏதாவது தவறாக வந்தால் நிறுவனம் என்னை என்ன செய்யும்? அதற்குப் பதில் தெரியாதவரை மற்ற மூன்றுக்கும் நேரான முடிவு எடுக்க முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவர் அல்லன். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்து, தமிழ்நாட்டில் ஆறு ஆண்டுகள் இரத்தக் குழாய்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, பிறகு டோக்கியோவில் நம்மவர்களுக்கு மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராகக் கூடச் செல்லும் வேலையில் பதினான்கு ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே ஒரு சோதனை எப்படி வேலை செய்கிறது, எது அதைக் கெடுக்கும், இங்குள்ள நடைமுறை என்ன என்பவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று சொல்வது என் வேலை அன்று.

ஜப்பானில் இந்தப் பரிசோதனை நிறுவனம் தரும் சலுகை அன்று, சட்டக் கடமை. 1972-ஆம் ஆண்டின் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 66-வது பிரிவு, ஊழியர்களுக்கு மருத்துவர் வழியாக உடல் பரிசோதனை நடத்த வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. அதன் விதிகள் அதை ஆண்டுக்கு ஒரு முறை என்றும், இரவுப் பணி செய்வோருக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை என்றும் வரையறுக்கின்றன. நடத்தாத முதலாளிக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. ஊழியரும் அதற்கு உட்பட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. வராதவருக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்றாலும், நிறுவனம் தன் பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்க இடமிருக்கிறது. மனிதவளத் துறையிலிருந்து மூன்று முறை நினைவூட்டல் வந்தால் அது உங்கள் மேலுள்ள சந்தேகத்தால் வருவது அன்று, தங்கள் தலைமேல் உள்ள கடமையால் வருவது.

சட்டம் கேட்கும் உருப்படிகள் பதினொன்று மட்டுமே: முந்தைய நோய் வரலாறு, இப்போதைய தொந்தரவுகள், உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, பார்வை, செவித்திறன் ஆகிய அளவுகள், மார்பு எக்ஸ்ரே, இரத்த அழுத்தம், இரத்தசோகைச் சோதனை, கல்லீரல் சோதனை, கொழுப்பு, சர்க்கரை, சிறுநீர், இசிஜி. நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, 35 வயதைத் தவிர, இவற்றில் சிலவற்றை மருத்துவர் விட்டுவிடலாம். உங்களுக்கு 41 என்பதால் முழுமையாக நடக்கும். இவற்றின் முடிவுகளை நிறுவனம் பெற்று ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; பிறழ்வு இருந்தால் மூன்று மாதங்களுக்குள், உங்கள் வேலையைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள பணியிடங்களில் இதைப் பார்ப்பவர் 'சாங்யோ இ' எனப்படும் தொழில்சார் மருத்துவர். பேரியமும் மலச் சோதனையும் இந்தப் பதினொன்றில் இல்லை. அவை உங்கள் மருத்துவக் காப்பீட்டுச் சங்கமோ நிறுவனமோ கூடுதலாகச் சேர்த்தவை. அவற்றின் முடிவை உங்கள் ஒப்புதல் இல்லாமல் நிறுவனத்துக்குத் தரக் கூடாது. வினாத்தாளின் கடைசியில் ஒப்புதல் கட்டம் ஒன்று இருக்கும். படிக்காமல் டிக் அடிக்காதீர்கள். வேலைக்கான வசிப்புரிமையைப் புதுப்பிக்கும்போது குடிவரவு அலுவலகம் இந்த அறிக்கையைக் கேட்பதில்லை. சர்க்கரை 130 என்று வந்ததால் விசா போனது என்று நம்மவர்களிடையே உலவும் கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். கதை சொன்னவர் எவரும் அந்த மனிதரைச் சந்தித்ததில்லை.

சென்னைப் பரிசோதனை இதற்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுவனம் குறிப்பிட்ட இடத்தில் செய்துகொள்ள விருப்பமில்லாதவர் வேறு மருத்துவரிடம் அதே உருப்படிகளைச் செய்து சான்று தரலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நம்மூர்ப் பரிசோதனைப் பேக்கேஜ்களில் எக்கோவும் வயிற்று ஸ்கேனும் இருக்கும், 1000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் செய்யும் செவிச் சோதனை இருக்காது; இடுப்பை யாரும் நாடா வைத்து அளந்திருக்க மாட்டார்கள். விடுபட்டதை இங்கே மறுபடியும் செய்யச் சொல்வார்கள். ஆகவே அலுவலகப் பரிசோதனையை இங்கே முடித்துவிட்டு, அதில் இல்லாத ஒன்று உங்களுக்குத் தேவைப்பட்டால் அதை மட்டும் ஊரில் செய்துகொள்வதே பணத்துக்கும் நேரத்துக்கும் நல்லது. நல்லவேளையாக, இந்தியாவும் ஜப்பானும் சர்க்கரையையும் கொழுப்பையும் மி.கி./டெ.லி. என்ற ஒரே அலகில் எழுதுகின்றன. இலண்டனில் இருக்கும் உறவினர் போல நீங்கள் சர்க்கரை எண்ணை 18 கொண்டு பெருக்க வேண்டியதில்லை. பழைய சென்னை ரிப்போர்ட்டையும் புதியதையும் அருகருகே வைத்து அப்படியே ஒப்பிடலாம்.

இரண்டு வாரப் பத்தியம் பற்றி. சில எண்கள் இரண்டு நாளில் மாறும், சில மாதக்கணக்கில் மாறாது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு நேற்றைய விருந்தையும் மதுவையும் சொல்லும். இரண்டு மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட்டாலே இறங்கிவிடும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சில நாட்களில் ஓரளவு இறங்கும். காமா ஜிடிபி என்ற கல்லீரல் நொதி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கும். தேதிக்கு முந்தைய வாரம் மட்டும் குடியை நிறுத்தியவரை அது காட்டிக்கொடுத்துவிடும். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாக உயர்த்தக்கூடும், இரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலைகள் அதைப் பொய்யாகத் தாழ்த்தும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரத்தசோகைச் சோதனையின் முடிவைப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் படித்துக் கவலைப்படுவதும் நிம்மதி அடைவதும் அவசரம். சட்டப்படி சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவு, எச்பிஏ1சி ஆகிய இரண்டில் ஒன்று போதும்; தந்தைக்கு இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள், சிறு கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். பத்தியம் பற்றி என் கருத்து இதுதான்: வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்களோ அதையே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடிப்பதானால் யாருக்காக நடிக்கிறோம்? 96 என்று வரவழைத்துக்கொண்ட சர்க்கரை உண்மையில் 112 என்றால், ஏமாந்தது நிறுவனம் அன்று.

செய்ய வேண்டிய தயாரிப்பு அதைவிட எளிது. முந்தின இரவு ஒன்பது மணிக்குள் உணவை முடித்துவிட வேண்டும். பத்து மணி நேரத்துக்குக் குறையாத வெறும் வயிறு தேவை. காலையில் தண்ணீர் மட்டும், அதுவும் பேரியம் இருந்தால் உறையில் எழுதியுள்ள அளவுக்கு மேல் வேண்டாம். காப்பி தண்ணீர் கணக்கில் சேராது. பால், சர்க்கரை இல்லாவிட்டாலும் சேராது, இரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றும். முந்தைய இரண்டு நாட்களில் மது வேண்டாம். கடும் உடற்பயிற்சியும் வேண்டாம்: ஜிம்முக்குப் போய் எடை தூக்கிவிட்டு மறுநாள் இரத்தம் கொடுத்தால் தசையிலிருந்து கசியும் நொதி கல்லீரல் கெட்டதுபோல் காட்டும், சிறுநீரில் புரதமும் தெரியும். கந்தசஷ்டி விரதம் இருப்பவர்கள் அந்த வாரத்தில் தேதி எடுக்காதீர்கள். பல நாள் பட்டினியில், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் வரும், அதை விளக்க நீங்கள் ஜப்பானிய மொழியில் முருகனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். இங்கே ஒவ்வொரு கடையிலும் விற்கும் வைட்டமின் சி பானங்களை முந்தின நாள் குடிக்க வேண்டாம். சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் சர்க்கரையும் இரத்தமும் தெரியாதபடி அது மறைக்கும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் தைராய்டு சோதனையைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால், மாத்திரையைப் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும்; சில கருவிகளில் அது எண்ணைத் தலைகீழாக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களைப் பெரும்பாலும் ஒரு வாய்த் தண்ணீரோடு வழக்கம்போல் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்தால் தாழ்சர்க்கரை வரலாம். இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு குழாய்கள் பற்றி எவரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை, எனவே நானே சொல்கிறேன். வெவ்வேறு இரண்டு நாட்களில் ஒவ்வொரு குழாய் வீதம் எடுக்க வேண்டும். குழாயின் மூடியோடு ஒரு மெல்லிய குச்சி வரும். அதன் நுனியில் பள்ளங்கள் இருக்கும். கழிப்பறைத் தண்ணீரின் மேல் விரிக்க உறையிலேயே ஒரு தாள் வைத்திருப்பார்கள். அதன்மேல் விழும் மலத்தின் பரப்பைப் பல இடங்களில் குச்சியால் சுரண்ட வேண்டும், ஒரே இடத்தில் குத்தி எடுத்தால் போதாது. பள்ளங்கள் நிறைந்தால் போதும். அள்ளிப் போட்டால் சோதனை கெடும். குச்சியைக் குழாய்க்குள் சொருகி, மூடியை அழுத்தி, பெயரும் தேதியும் எழுதி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இந்தச் சோதனை மனித இரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் தேடுவது. பீட்ரூட் பொரியலோ கீரையோ அதைக் குழப்பாது, பத்தியம் தேவையில்லை. மாதவிடாய் நாட்களிலும் மூல நோயில் இரத்தம் கசியும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். இரண்டில் ஒன்றில் மட்டும் இரத்தம் தெரிந்தாலும், பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்குச் செல்ல வேண்டும். 'இன்னொரு முறை மலச் சோதனை செய்து பார்க்கலாமே' என்று நம்மவர்கள் கேட்பதை நான் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. பெருங்குடலில் உள்ள கட்டி தினமும் இரத்தம் கசிவதில்லை. இரண்டாவது முறை தெரியாமல் போவது நல்ல செய்தி அன்று.

பேரியம். ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக மிகுதி. அதனால்தான் உலகில் வேறெங்கும் அதிகம் காணாத இந்தப் படமெடுப்பு இங்கே வழக்கமாயிற்று. முதலில் வாயில் நுரைக்கும் தூள் ஒன்றைக் கொடுத்து விழுங்கச் சொல்வார்கள். வயிறு ஊதும், ஏப்பம் விடக் கூடாது என்று எச்சரிப்பார்கள். விட்டால் மறுபடியும் தூள். பிறகு சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைத் திரவத்தைக் குடித்துவிட்டு, சாயும் மேசையில் தலை கீழாகவும் பக்கவாட்டாகவும், ஒலிபெருக்கியில் வரும் ஜப்பானியக் கட்டளைக்கு ஏற்ப உருள வேண்டும். 'மிகி' வலம், 'ஹிதாரி' இடம். இவ்விரண்டு சொல்லும் தெரியாமல் அந்த மேசையில் ஏறாதீர்கள். முடிந்ததும் மலமிளக்கி மாத்திரை தருவார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். வெள்ளையாக மலம் வெளியேறும்வரை கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளே தங்கினால் கெட்டியாகும். பல இடங்களில் கொடுக்கும் அந்த மாத்திரை சென்னோசைடு. அது நம்மூர் நிலவாகையிலிருந்து வருவது, உலக வணிகத்தில் 'டின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கும் செடி. நீங்கள் ஊரிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து விழுங்குவது அதைத்தான். கடும் மலச்சிக்கல் உள்ளவர்கள், குடல் அடைப்போ வயிற்று அறுவையோ முன்பு கண்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள் பேரியம் குடிக்கக் கூடாது.

தவிர்க்கலாமா என்றால், தவிர்க்கலாம். சட்ட உருப்படி இல்லை என்பதால் 'பேரியம் வேண்டாம்' என்று பதிவின்போதே சொல்லலாம்; அதற்கு மாற்றாக, இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி வைத்திருக்கும் மையங்களும் பல. அரசின் வழிகாட்டுதல் 2016-இல் எண்டோஸ்கோப்பியையும் சேர்த்து, 50 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று மாறியது. எக்ஸ்ரேயை மட்டும் நாற்பதிலிருந்தே தொடர இடம் வைத்தது. உங்கள் வயதில் இது கட்டாயமில்லை என்பது உறுதி. பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன்: சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களிடம் முன்னணியில் உள்ளவற்றில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக ஒன்று. நானாக இருந்தால் பேரியத்தை விட்டுவிட்டு, ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பேன். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி உறுதியானால், அக்கிருமியை ஒழிக்கும் சிகிச்சைக்கு 2013 முதல் இங்கே பொதுக் காப்பீடு உண்டு.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கென்று இரண்டு மூன்று உண்டு. மார்பு எக்ஸ்ரேக்குக் கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாத பெண்கள் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். வரிசையில் பின்னால் இருபது பேர், ஊழியருக்கு விஷயம் புரியவில்லை. அன்று காலையிலேயே மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் மட்டும் கட்டிக்கொண்டு வருவது பலர் கண்ட வழி. உலோகம் இல்லாததால் படத்துக்குத் தொந்தரவில்லை. ஆண்களின் அரைஞாணில் வெள்ளி இருந்தால் அது பேரியம் படத்தில் குறுக்கே விழலாம், வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உடம்பில் எண்ணெயோ கிரீமோ தடவிக்கொண்டு வந்தால் இசிஜி ஒட்டாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே உள்ளவர்கள் பவுடரையும் அக்குள் மணப்பொருளையும் தவிர்க்க வேண்டும்; படத்தில் அவை சுண்ணாம்புப் புள்ளிகள்போல் தெரியலாம். கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நினைப்பது: வினாத்தாள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருக்கு நானே அதை நிரப்பிக் கொடுத்தேன். 'முந்தைய நோய்கள்' என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன், 'ஒண்ணுமில்லை' என்றார், நானும் 'இல்லை' என்று எழுதினேன். எக்ஸ்ரேயில் வலது மேல் நுரையீரலில் ஒரு நிழல். நுண்பரிசோதனை தேவை என்று கடிதம் வந்தது, சிடி எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், ஆறு வாரம் மனிதர் உறங்கவில்லை. கடைசியில் அவருடைய அம்மாதான் தொலைபேசியில் சொன்னார்: கல்லூரியில் படிக்கும்போது ஆறு மாதம் டிபிக்கு மாத்திரை சாப்பிட்டான், அது சரியாகிப் போய்விட்டதே, அதைப் போய் எதற்குச் சொல்வது? பழைய எக்ஸ்ரே படம் வீட்டுப் பரணில் இருந்தது. அதை முதல் நாளே கொண்டு வந்திருந்தால், மாறாத வடு என்று அன்றைக்கே ஒப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்ட விதத்தில் என் தவறும் இருந்தது. அன்றிலிருந்து நான் 'ஏதாவது நோய் உண்டா' என்று கேட்பதில்லை, 'மூன்று மாதத்துக்கு மேல் எதற்காவது மாத்திரை சாப்பிட்டதுண்டா' என்று கேட்கிறேன். நீங்களும் இந்த வாரமே ஊருக்குப் பேசுங்கள். டிபி, மஞ்சள் காமாலை, அறுவை, இரத்தம் ஏற்றியது, தந்தைக்குச் சர்க்கரை எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் அறுபதுக்கு முன் மாரடைப்பு யாருக்கு என்று கேட்டு எழுதி, பழைய படங்களையும் அறிக்கைகளையும் வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே தாளில் இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றும் இருக்கலாம். இருபது வயதில் இருந்ததைவிடப் பத்துக் கிலோ கூடியிருக்கிறீர்களா, உறங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் இரவு உணவு வாரத்தில் மூன்று முறையேனும் உண்டா என்பவை அவற்றுள் சில. ஒன்பதரைக்கு வீடு வந்து பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுப்பவர் இரண்டாவதற்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜப்பானிய அளவுகோல்கள் ஜப்பானிய உடலுக்காக வரையப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2008-இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தில் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90 செ.மீ. என்று எல்லை வைத்தார்கள். இந்திய வல்லுநர்கள் நமக்கு வைத்திருப்பது ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. எனவே 86 செ.மீ. இடுப்புடைய உங்கள் மனைவிக்கு இங்கே 'குறையில்லை' என்று வந்தால், அதை நம்மூர்க் கணக்கில் மறுபடியும் படிக்க வேண்டும். எடைக் குறியீட்டிலும் (பிஎம்ஐ) இங்கே 25 தாண்டினால்தான் பேச்சு. நமக்கு 23-லேயே கவனம் தேவை, நம்மவர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை வருகிறது. கல்லீரலில் ஏஎல்டி என்ற எண்ணைப் பாருங்கள். ஜப்பானியக் கல்லீரல் மருத்துவச் சங்கம் 2023-இல் நாரா நகரில் வெளியிட்ட அறிவிப்பில், அது 30-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கச் சொன்னது. மது தொடாத, சைவம் உண்ணும் நம்மவர்களுக்கு 45, 50 என்று வருவதை நான் பழக்கமாகவே பார்க்கிறேன். பெரும்பாலும் கொழுப்புக் கல்லீரல். 'நான் குடிப்பதே இல்லையே, மெஷின் தப்பு' என்று மடித்து வைத்துவிடுவார்கள். சைவர்களுக்கு வரும் வைட்டமின் பி12 குறைவு பதினொரு உருப்படிகளில் இல்லை. கை கால் மரத்துப்போதல், களைப்பு இருந்தால் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், இதை ஊரிலும் மலிவாகச் செய்யலாம்.

முடிவு சில வாரங்களில் தபாலில் வரும். ஏ என்றால் குறையில்லை, பி சிறு மாற்றம், சி மீண்டும் பார்க்க வேண்டியது, டி நுண்பரிசோதனை அல்லது சிகிச்சை தேவை, ஈ ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பது என்பது பரவலான முறை. மையத்துக்கு மையம் எழுத்து மாறும் என்பதால் தாளின் பின்பக்க விளக்கத்தைப் பாருங்கள். 'யோ சாய்கென்சா' என்பது மறு சோதனை, 'யோ செய்மிட்சு கென்சா' என்பது நுண்பரிசோதனை, இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்புப் பரிசோதனைக்குப் பொதுக் காப்பீடு செல்லாது, ஆனால் அதில் கண்ட பிறழ்வைத் தொடரும் சோதனைக்குச் செல்லும். நீங்கள் 30 விழுக்காடு தருவீர்கள். நேராகப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகாதீர்கள்: 'ஷோகாய்ஜோ' என்ற பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்கு முதன்முறை போனால் 2022 அக்டோபர் முதல் குறைந்தது 7,000 யென் தனியாகக் கட்ட வேண்டும். பரிசோதனை மையமே பெரும்பாலும் அக்கடிதத்தை உறையில் வைத்து அனுப்பும்; இல்லையென்றால் வீட்டருகே உள்ள சிறு கிளினிக்குக்கு முடிவுத்தாளோடு போங்கள்.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்குச் செய்யும் பொதுப் பரிசோதனைகள் ஆயுளைக் கூட்டுகின்றனவா என்பது மருத்துவ உலகில் முடிந்த வழக்கு அன்று. 2019-இல் கோக்ரேன் அமைப்பு, சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை அல்லது மிகக் குறைவு என்றது. அந்த ஆய்வுகளில் பல பழையவை, நம் போன்ற மக்கள் அவற்றில் குறைவு என்பதால் அதை அப்படியே உங்களுக்குப் பொருத்த நான் தயங்குகிறேன்; தந்தைக்குச் சர்க்கரை உள்ள 41 வயது தமிழருக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்ப்பது வீண் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் உறையோடு வரும் 'விருப்பத் தேர்வு' விலைப்பட்டியலில் உள்ள புற்றுநோய்க் குறியீட்டு இரத்தச் சோதனைகளுக்கு அறிகுறி ஏதும் இல்லாதவர் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் காட்டும் தன்மை அவற்றில் அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றோடு முடிக்கிறேன். சட்டம் ஊழியரைத்தான் பார்க்கிறது, ஊழியரின் மனைவியை அன்று. டோக்கியோவில் நம் நாட்டவர் மிகுதியாக வாழும் நிஷி கசாய் பக்கத்தில் நான் சந்தித்த குடும்பங்களில் கணவருக்கு ஐந்து ஆண்டுக் கோப்பு அழகாக இருக்கும். மனைவி வந்த நாள்முதல் ஒரு முறைகூட இரத்தம் கொடுத்திருக்க மாட்டார். உங்கள் காப்பீட்டில் சார்ந்திருப்பவருக்கு நாற்பது நிறைந்தால் 'தொகுதேய் கென்ஷின்' என்ற பரிசோதனைக்கு ஒரு சீட்டு வரும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் எதுவும் தானாக வராது. ஆனால் இருபது வயதிலிருந்து கருப்பை வாய்ச் சோதனையும், நாற்பதிலிருந்து மார்பகச் சோதனையும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வட்டார அலுவலகத்தின் வழியே சலுகைக் கட்டணத்திலோ இலவசமாகவோ செய்துகொள்ளலாம். முகவரிப் பதிவு இருந்தால் போதும், எந்த நாட்டவர் என்பது தடையில்லை. அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டுமே, விளம்பரத் தாள் போன்ற தோற்றத்தில் தபால் பெட்டிக்கு வரும். பீட்சா விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறீர்களா என்று இன்று இரவு வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். போட்டிருந்தால் வட்டார அலுவலகத்தின் சுகாதார மையத்தில் மறுபடியும் கேட்டு வாங்கலாம்.